கருவிக்குத் தண்ணீர் தெரியாது: நிலத்தடி நீர் தேடும் மாணவர்களுக்கு மின்தடை ஆய்வு அறிமுகம்

ரெசிஸ்டிவிட்டி மீட்டரின் திரையில் "இங்கே தண்ணீர் இருக்கிறது" என்று ஒருநாளும் வராது. மண்ணுக்குள் போன மின்னோட்டம் இத்தனை மில்லிஆம்பியர், அதனால் தரையில் எழுந்த மின்னழுத்தம் இத்தனை மில்லிவோல்ட் என்று இரண்டு எண்கள் வரும். சில கருவிகள் ஒன்றை மற்றொன்றால் வகுத்து ஓம் கணக்கில் ஒரே எண்ணாகக் கொடுத்துவிடும். "மக்கிய பாறை 14 மீட்டர் வரை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை" என்று அந்த எண்ணிலிருந்து சொல்ல வேண்டியது ஆய்வு செய்கிறவர்தான். புராஜெக்ட்டுக்காக முதன்முறை கருவியைத் தூக்கிக்கொண்டு போகும் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பட்டனை அமுக்க ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். வந்த எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கத்தான் நாளாகும்.

எதை அளக்கிறோம்?

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 73 சதவீதம் கடினப் பாறை நிலம். கிரானைட், நைஸ், சார்னோக்கைட் வகைகள்தான் அதிகம். (சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பக்கத்துப் பாறை. அந்தப் பாறை வகைக்கு அவர் பெயரையே வைத்தவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட்.) இந்தப் பாறைகளை உண்டாக்கும் கனிமங்களுக்குள் மின்சாரம் அநேகமாகப் போகாது. தரைக்குள் மின்சாரத்தைக் கடத்துவது பாறையின் இடுக்குகளில் நிற்கும் நீரும் அதில் கரைந்த உப்பும். களிமண் இருந்தால் அதுவும் சேர்ந்து கடத்தும். இடுக்கே இல்லாத கெட்டிப் பாறை மின்சாரத்துக்கு வழிவிடாது. மக்கிப்போய் நீர் ஊறிய பாறை தாராளமாக விடும். மின்தடை ஆய்வு முழுக்க இந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் நடக்கிறது.

அளவு ஓம் மீட்டரில் வரும். இதை மின்தடை எண் என்போம். நீர் ஊறிய மக்கிய பாறை பெரும்பாலும் 20 முதல் 100 ஓம் மீட்டருக்குள் இருக்கும். வெடிப்புகள் உள்ள பாறை நூறுகளில். வெடிப்பில்லாத கெட்டிப் பாறை ஆயிரத்தைத் தாண்டும். களிமண் 20-க்குக் கீழே வரலாம். இவை வழிகாட்டிகள் மட்டுமே, சட்டம் இல்லை. ஒரே மக்கிய பாறை, நீரில் உப்பு கூடினால் வேறு எண் காட்டும். நீரின் மின்கடத்துத்திறனைச் சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமென்ஸ் கணக்கில் அளப்போம் அல்லவா? 10,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நீரின் மின்தடை எண் கிடைக்கும். 1,000 மைக்ரோசீமென்ஸ் உள்ள கிணற்று நீருக்கு 10 ஓம் மீட்டர். 4,000 என்றால் 2.5 மட்டும். ஆகவே 5 ஓம் மீட்டரைப் பார்த்ததும் "நல்ல தண்ணீர்" என்று குதிக்கக் கூடாது. அது களிமண்ணாக இருக்கலாம், உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். மீஞ்சூர் மாதிரி கடல்நீர் உள்ளே புகுந்த கரையோரப் பகுதிகளில் இந்தக் குழப்பம் தினசரிக் கதை. பக்கத்துக் கிணற்றில் ஒரு குவளை நீர் எடுத்து மின்கடத்துத்திறன் மீட்டரை முக்கிப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏன் நான்கு கம்பி?

இரண்டு கம்பியை மண்ணில் அடித்து மல்டிமீட்டரை வைத்தால் போதாதா என்ற கேள்வி வகுப்பில் தவறாமல் வரும். போதாது. கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் உள்ள தொடுதடையே ஆயிரக்கணக்கான ஓம் இருக்கும். பூமியின் தடை அதற்குள் காணாமல் போய்விடும். அதனால் மின்னோட்டம் செலுத்த இரண்டு கம்பி, மின்னழுத்தம் அளக்கத் தனியாக இரண்டு கம்பி. மின்னழுத்தம் அளக்க உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகள் வழியாக மின்னோட்டம் அநேகமாக ஓடாது. ஆகவே அவற்றின் தொடுதடை கணக்கில் நுழையாது. 1912-ல் பிரான்சின் நார்மண்டியில் கான்ராட் ஸ்லம்பர்ஜரும், அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் பிராங்க் வென்னரும் இந்த முறைக்கு உருவம் கொடுத்தார்கள். அவர்கள் பெயரில்தான் இரண்டு அமைப்புகளும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன.

வென்னர் அமைப்பில் நான்கு கம்பிகளுக்கும் சம இடைவெளி. ஒவ்வொரு அளவுக்கும் நான்கையும் பிடுங்கி நட வேண்டும். ஸ்லம்பர்ஜர் அமைப்பில் வெளிக்கம்பிகள் ஏ, பி இரண்டும் நகர்ந்துகொண்டே போகும். நடுவில் உள்ள எம், என் இரண்டையும் எப்போதாவதுதான் மாற்றுவோம். ஆழத்துக்குப் போய்ப் பார்க்கும் 'சவுண்டிங்' வேலைக்கு ஸ்லம்பர்ஜரே சிக்கனம்: ஆள் குறைவு, நேரம் குறைவு, மேல்மண்ணில் உள்ள சில்லறை மாறுதல்களின் தொல்லையும் குறைவு. இனி வருவதெல்லாம் இந்த அமைப்புக்கானது.

கணக்கு எளிது. ஏபி என்பது ஏ, பி கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம், எம்என் என்பது எம், என் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம். ஏபி-யின் பாதியை வர்க்கம் செய்து, அதிலிருந்து எம்என்-னின் பாதியின் வர்க்கத்தைக் கழித்து, 3.1416-ஆல் பெருக்கி, முழு எம்என்-ஆல் வகுக்க வேண்டும். வருவது அமைப்புக் காரணி. அதைத் தடையால், அதாவது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த எண்ணால் பெருக்கினால் தோற்ற மின்தடை எண் கிடைக்கும். ஏபி/2 பத்து மீட்டர், எம்என்/2 அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-லிருந்து 0.25 போக 99.75. அதை 3.1416-ஆல் பெருக்கினால் 313.4. எம்என் ஒரு மீட்டர் என்பதால் வகுத்தாலும் அதேதான். 100 மில்லிஆம்பியர் செலுத்தி 10 மில்லிவோல்ட் வந்தால் தடை 0.1 ஓம், தோற்ற மின்தடை எண் 31.3 ஓம் மீட்டர்.

'தோற்ற' என்ற அடைமொழியை விட்டுவிடாதீர்கள். தரை முழுவதும் ஒரே பொருளாக இருந்தால் எந்த எண் வருமோ, அந்த எண் இது. அடியில் மூன்று அடுக்கு இருந்தால் மூன்றும் கலந்த எண். 31.3 என்று வந்ததால் 10 மீட்டர் ஆழத்தில் 31.3 ஓம் மீட்டர் பொருள் இருக்கிறது என்று அர்த்தமே இல்லை.

கருவியை எடுக்கும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

நம் பக்கத்து வயல்களில் பெரிய திறந்த கிணறுகள் உண்டு. அவற்றுள் பல இன்று வற்றிக் கிடக்கின்றன. மாணவருக்கு அது லாபம்! சுவரைப் பார்த்தால் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். மேலே செம்மண், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், பிறகு விரலால் உதிர்த்தால் உதிரும் மக்கிய பாறை, பிறகு வெடிமருந்து வைத்து உடைத்த தடம் உள்ள கெட்டிப் பாறை. சில கிணறுகளில் சுவரின் ஒரு வெடிப்பிலிருந்து மட்டும் ஈரம் கசிந்து, அந்த இடத்தில் பாசி படிந்திருக்கும். ஊற்று அதுதான். நாடாவில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி ஒவ்வொரு அடுக்கின் ஆழத்தையும், நீர்மட்டத்தையும், கிணற்று மேட்டின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கணினியில் வரும் வரைபடம் நம்பத்தக்கதா என்று சோதிக்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது. பத்துக் கிணறாவது பார்க்காமல் சவுண்டிங் தொடங்குவது வீண் வேலை.

கிணற்றுச் சொந்தக்காரரிடம் கேட்கவும் நிறைய இருக்கிறது. போர்வெல் எத்தனை அடி போட்டார்கள், கேசிங் (மேல்மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியது, முதல் ஊற்று எத்தனை அடியில் வந்தது, கோடையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். கேசிங் நீளம் உங்களுக்குப் பொன்னான தகவல். ரிக் வண்டிக்காரர்கள் மக்கிய பகுதி முடிந்து பாறை தட்டும் இடம்வரைதான் கேசிங் இறக்குவார்கள். அதாவது, பாறையின் ஆழத்தை யாரோ ஏற்கெனவே காசு செலவழித்து அளந்து வைத்திருக்கிறார்கள்.

இவற்றோடு நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் 1:50,000 அளவிலான டோப்போ வரைபடமும், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் கிடைக்கும் புவியியல் வரைபடமும் கையில் இருக்கட்டும். நீர்மட்டப் பழைய கணக்குகளுக்கு இந்தியா-விரிஸ் தளம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. உங்கள் ஆய்வு எந்த மாதத்தில் நடந்ததோ அதற்கு ஒட்டிய அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

களத்தில்

ஆறு பேர் இருந்தால் வேலை ஓடும். கருவியில் ஒருவர், கணக்கு எழுதிப் புள்ளி வைக்க ஒருவர், ஒவ்வொரு வெளிக்கம்பிக்கும் ஒருவர், எம், என் இரண்டையும் கவனிக்க ஒருவர். ஆறாமவர் ஆடு மாடு, வண்டி, வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள. இது விளையாட்டுப் பேச்சு இல்லை. கருவியைப் பொறுத்து வெளிக்கம்பியில் பல நூறு வோல்ட் வரைக்கும் ஏறும். "கையை எடுத்தாச்சு" என்று இரண்டு பக்கமிருந்தும் குரல் வந்த பிறகே பட்டனை அமுக்க வேண்டும். தொலைவு கூடினால் கைபேசியில் பேசுங்கள். சைகை வேண்டாம், வெயிலில் தப்பாகப் படும்.

பொருள்கள்: முக்கால் மீட்டர் நீள எஃகுக் கம்பிகள் ஆறு (நான்கு வேலைக்கு, இரண்டு கைவசம்), இரண்டு கிலோ சுத்தியல் இரண்டு, தலா 150 மீட்டருக்குக் குறையாத இன்சுலேட்டட் வயர் சுற்றிய ரீல் இரண்டு, எம்என்-னுக்குச் சின்ன ரீல் இரண்டு, 100 மீட்டர் நாடா இரண்டு, முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, இருபது லிட்டர் கேன் தண்ணீர், ஒரு கிலோ கல்லுப்பு, குடை. குடை கருவிக்கு, திரை வெயிலில் கறுத்துப்போய் எண் தெரியாமல் போகும். கூடவே லாக்-லாக் தாள், அதாவது இரண்டு அச்சிலும் மடக்கை அளவு கொண்ட வரைபடத் தாள். கிடை அச்சில் ஏபி/2, நிலை அச்சில் தோற்ற மின்தடை எண் என்று புள்ளி வைத்து இணைத்தால் வருவதுதான் வளைவு. மடிக்கணினி இருக்கிறதே, தாள் எதற்கு என்று கேட்காதீர்கள். அளவு எடுத்த உடனே புள்ளி வைத்தால்தான் தப்பான அளவு அங்கேயே கண்ணில் படும். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரும்பப் போக வண்டிச் செலவுதான்.

நடுப்புள்ளியை முதலில் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் 100 மீட்டர் நேராகப் போக இடம் வேண்டும். சரிவில் ஏறி இறங்காமல், சம உயரத்தில் குறுக்காகக் கோடு போவது நல்லது. கம்பி வேலி, இரும்புக் குழாய், உயரழுத்த மின்கம்பி, போர்வெல் கேசிங் இவற்றுக்குப் பக்கத்தில், முக்கியமாக இணையாக, கோடு போகக் கூடாது. இரும்பு வேலி ஒன்று இணையாக ஓடினால் மின்சாரம் பூமியைவிட அந்த வேலியைத்தான் விரும்பும். வருகிற எண்ணெல்லாம் வேலியின் கதை. திறந்த கிணற்றோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் நடுப்புள்ளி கிணற்றிலிருந்து முப்பது, ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கட்டும். கிணறே ஒரு பெரிய பள்ளம். ஒட்டி அளந்தால் அதுவும் அளவைக் கெடுக்கும்.

ஏபி/2 வரிசை: 2.5, 3, 4, 5, 6, 8, 10, 15, 20, 25, 30, 40, 50, 60, 80, 100 மீட்டர். எம்என்/2 அரை மீட்டரில் தொடங்கும். விதி ஒன்றுதான்: எம்என், ஏபி-யில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்படியானால் கடைசிவரை அரை மீட்டரிலேயே வைத்துக்கொண்டால் என்ன? சிக்னல் செத்துவிடும். ஏபி/2 ஐம்பது மீட்டரில் தோற்ற மின்தடை எண் 93 என்று வையுங்கள். எம்என்/2 அரை மீட்டர் என்றால் 100 மில்லிஆம்பியருக்கு வரும் மின்னழுத்தம் 1.2 மில்லிவோல்ட் மட்டும். அதையே 5 மீட்டராக்கினால் 12 மில்லிவோல்ட். பத்து மடங்கு. பக்கத்து மோட்டாரின் இரைச்சலுக்கு நடுவே 1.2 மில்லிவோல்ட்டைத் தேடுவது சந்தையில் கிசுகிசுப்பைக் கேட்பது மாதிரி.

ஆகவே எம்என்/2-ஐ 0.5, 2, 5 என்று மாற்றுங்கள். மாற்றும் இடத்தில் இரண்டு ஏபி/2-க்காவது பழைய எம்என், புதிய எம்என் இரண்டிலும் அளவெடுக்க வேண்டும்: 10, 15 மீட்டரில் ஒரு முறை, 30, 40 மீட்டரில் ஒரு முறை. இரண்டு துண்டு வளைவுகளும் கொஞ்சம் மேலே கீழே விலகி நிற்பது சகஜம். விலகினாலும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். குறுக்கே வெட்டினால் ஏதோ ஒரு கம்பி தப்பான இடத்தில் நிற்கிறது அல்லது எம், என்-னுக்கு அடியில் சின்னதாக ஏதோ புதைந்திருக்கிறது.

கம்பியை எவ்வளவு ஆழம் அடிப்பது? கணக்கில் கம்பி ஒரு புள்ளி. ஏபி-யில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போனால் அது புள்ளி இல்லை. ஏபி/2 இரண்டரை மீட்டர் என்றால் ஏபி ஐந்து மீட்டர், அதிகபட்சம் 25 சென்டிமீட்டர். முதல் அளவிலேயே வீரம் காட்டி அரை மீட்டர் இறக்கிவிட்டு, வளைவின் தொடக்கம் ஏன் வளைந்து நெளிகிறது என்று பின்னால் தேடுவது வழக்கமான காட்சி.

எங்கே கெடும்?

காய்ந்த மண்ணில் மின்னோட்டம் ஏறாது. சித்திரை, வைகாசியில் செம்மண் மேட்டில் 5 மில்லிஆம்பியர்கூடத் தாண்டாமல் நிற்கும். மேலே சொன்ன வரம்புக்குள் கம்பியை இன்னும் இறக்குங்கள். சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றிக் காலால் மிதித்து இறுக்குங்கள். அப்படியும் ஏறாவிட்டால் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு கம்பி அடித்து இரண்டையும் வயரால் சேர்த்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் வெளிக்கம்பிகளுக்கு மட்டும். எம், என்-னில் ஊற்றினால் நீர் மண்ணில் இறங்க இறங்க அங்கே தானாகவே ஒரு மின்னழுத்தம் எழுந்து மாறிக்கொண்டே இருக்கும், அளவு ஓரிடத்தில் நிற்காது. அங்கே தேவைப்பட்டால் வெறும் தண்ணீர், அதுவும் அளவெடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே.

தரையில் இயல்பாகவே சில மில்லிவோல்ட் இருக்கும். கருவிகள் மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்திச் சராசரி எடுப்பது இதைக் கழிக்கத்தான். நான்கு சுற்றில் எடுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று இரண்டு, மூன்று சதவீதத்துக்குள் நின்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள். நிற்காவிட்டால் சுற்றைக் கூட்டுங்கள். பக்கத்து வயல் மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்டாலும் தப்பில்லை. சற்று முன் வெளிக்கம்பியாக இருந்த எஃகுக் கம்பியைப் பிடுங்கி எம் ஆக நடாதீர்கள். அதன் மேல் ஏறிய மின்முனைவு (தங்கிவிட்ட மின்னூட்டம்) சில நிமிடங்களுக்கு அளவைக் கெடுக்கும். நல்ல துல்லியம் வேண்டுமானால் எம், என்-னுக்கு எஃகு வேண்டாம். மயில்துத்தக் கரைசல் நிரப்பிய நுண்துளை மண்குவளைக்குள் செம்புக் கம்பி வைத்த மின்முனையைப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் விட நயவஞ்சகமானது வயர் கசிவு. ரீலில் எங்கோ இன்சுலேஷன் உரிந்து, ஈரப் புல்லில் பட்டு, மின்சாரம் பாதி வழியிலேயே இறங்கிவிடும். கருவி எதுவும் சொல்லாது. எண்ணும் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஏ கம்பியிலிருந்து வயரை மட்டும் கழற்றிக் காற்றில் தொங்கவிட்டு மின்னோட்டம் செலுத்துங்கள். சுழி காட்ட வேண்டும். சுழி காட்டாவிட்டால் கசிவு. பி பக்கமும் இதே சோதனை. தினமும் காலையில் ஒருமுறை, தூறல் விழுந்தால் இன்னொருமுறை. இடி சத்தம் கேட்டால் அளவைப் பாதியில் விட்டு வயரைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். இருநூறு மீட்டர் வயரைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு மின்னலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

வளைவை வாசிப்பது

மூன்று அடுக்குக்கு நான்கு வகை வளைவு. நடு அடுக்கு மட்டும் குறைவு என்றால் எச், நடு மட்டும் கூடுதல் என்றால் கே, ஏறிக்கொண்டே போனால் ஏ, இறங்கிக்கொண்டே போனால் க்யூ. கடினப் பாறை நிலத்தில் அதிகம் பார்ப்பது எச்: மேலே ஓரளவு காய்ந்த மண், நடுவில் நீர் ஊறிய மக்கிய பாறை, அடியில் கெட்டிப் பாறை. ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். மேல்மண் 2 மீட்டர், 60 ஓம் மீட்டர். மக்கிய பாறை 12 மீட்டர், 25 ஓம் மீட்டர். அடியில் 2,000 ஓம் மீட்டர் பாறை. இதற்கு வளைவு ஐம்பதுகளில் தொடங்கும். ஏபி/2 பத்து மீட்டர் வாக்கில் 31-க்கு இறங்கும். பிறகு ஏறத் தொடங்கி 50 மீட்டரில் 93, 100 மீட்டரில் 180 வாக்கில் நிற்கும். 25 என்ற எண் வளைவில் எங்கேயும் வரவே இல்லை, கவனித்தீர்களா? நடு அடுக்கின் உண்மையான மதிப்பு, வளைவின் அடிமட்டத்துக்கும் கீழே ஒளிந்திருக்கிறது. 2,000-மும் வரவில்லை.

இந்த ஏறும் பகுதியில் களத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. லாக்-லாக் தாளில் வளைவு 45 பாகைக்கு மேல் செங்குத்தாக ஏற முடியாது. எளிய சொல்லில்: ஏபி/2 இரண்டு மடங்கானால் தோற்ற மின்தடை எண்ணும் அதிகபட்சம் இரண்டு மடங்குதான் ஆகும். மேலே உள்ள மாதிரியில் 93-லிருந்து 180 வரை, இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, சரி. உங்கள் தாளில் 93 ஒரே தாவலில் 260 ஆனால் அது அடுக்கு இல்லை. கம்பி தொடர்பு, கசிவு, நாடாவைத் தப்பாகப் படித்தது அல்லது கோட்டின் ஒரு முனை வேறு பாறை மேல் ஏறியது, இவற்றில் ஒன்று. அங்கேயே திரும்ப அளங்கள்.

அடுக்குகளாகப் பிரிக்க ஐபிஐ2வின் (IPI2Win) போன்ற மென்பொருள் போதும். ஆனால் அதில் பொறி ஒன்று இருக்கிறது. மென்பொருள் பிழை 2 சதவீதம் என்று காட்டினால் மாணவர்கள் கைதட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். எச் வளைவில் நடு அடுக்கின் தடிமனும் மின்தடை எண்ணும் தனித்தனியே பிடிபடாது. ஒன்றை மற்றொன்றால் வகுத்த விகிதம் மட்டுமே நன்றாகப் பிடிபடும். 12 மீட்டரை 25-ஆல் வகுத்தால் 0.48. 9.6 மீட்டரை 20-ஆல் வகுத்தாலும் 0.48. 14.4-ஐ 30-ஆல் வகுத்தாலும் அதுவே. மூன்றுக்கும் வளைவு ஏறக்குறைய ஒன்றுதான். பாறையின் ஆழம் மட்டும் 11.6, 14, 16.4 மீட்டர் என்று மாறும். எதை எடுப்பது? கணினி சொல்லாது. முன்னே எட்டிப் பார்த்த கிணற்றுச் சுவர் சொல்லும். பாறை 14 மீட்டரில் தட்டியது என்று அங்கே தெரிந்தால் மென்பொருளில் அந்த ஆழத்தை நிலையாகப் பூட்டிவிட்டு மின்தடை எண்ணை மட்டும் மாறவிடுங்கள். பக்கத்துச் சவுண்டிங்குகளுக்கும் அதே 25-ஐ ஒட்டித் தொடங்குங்கள்.

அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் பிழை குறையும். மூன்று போதுமான இடத்தில் ஏழு அடுக்கு வைத்து, "நான்காவது அடுக்கு நீர்" என்று எழுதிய அறிக்கைகள் எத்தனையோ. குறைந்த அடுக்கில் பொருந்தினால் அதோடு நிறுத்துங்கள்.

ஏபி/2 என்பது ஆழம் அல்ல

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் பலரும், சில அறிக்கைகளும்கூட, ஏபி/2 நூறு மீட்டர் என்றால் நூறு மீட்டர் ஆழம் பார்த்தாயிற்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே சீரான தரையில் இந்த அமைப்பின் நடுத்தர ஆய்வு ஆழம், அதாவது சிக்னலில் பாதி அதற்கு மேலிருந்தும் பாதி அதற்குக் கீழிருந்தும் வரும் ஆழம், ஏபி-யில் 0.19 பங்கு. ஏபி 200 மீட்டருக்கு அது 38 மீட்டர், ஏறத்தாழ 125 அடி. அடுக்குகளைப் பொறுத்துக் கூடும், குறையும். அதற்கும் கீழே, பாறைக்குள் கால் மீட்டர், அரை மீட்டர் அகலத்தில் ஓடும் ஒற்றை வெடிப்பை மேலிருந்து எடுக்கும் சவுண்டிங் காட்டாது. இன்று கொங்குப் பக்கம் ஆயிரம் அடி போர் சாதாரணம். 200 மீட்டர் வயரை விரித்துவிட்டு "640 அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர்" என்று எழுதிக் கொடுப்பவரிடம், அந்த எண் எந்தப் புள்ளியிலிருந்து வந்தது என்று தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இந்த முறை நம்பிக்கையாகச் சொல்வது மக்கிய பகுதியின் தடிமனையும், அது எந்தப் பக்கம் கூடுகிறது என்பதையும். குறைவான சாதனை இல்லை. திறந்த கிணறு எங்கே வெட்டலாம், கேசிங் தோராயமாக எத்தனை அடி வாங்கலாம், கசிவுநீர்க் குட்டை எங்கே பயன் தரும் என்பதற்கெல்லாம் இதுதான் விடை. நம் மாதிரியில் 14 மீட்டர். 46 அடி கேசிங்.

மற்ற முறைகள், சுருக்கமாக

பட வடிவில் குறுக்குவெட்டு வேண்டுமானால் பல மின்முனை அமைப்பு. 48 மின்முனைகளை 5 மீட்டர் இடைவெளியில் நட்டால் கோடு 235 மீட்டர், ஆய்வு ஆழம் சுமார் 45 மீட்டர். ஓரிடத்துச் சவுண்டிங் அடுக்குகள் படுக்கையாக இருக்கின்றன என்று நம்புகிறது. இது அந்த நம்பிக்கை இல்லாமல் வெடிப்பு மண்டலத்தைச் சரிவாகவே காட்டும். படத்தின் ஓரங்களிலும் அடியிலும் வரும் பளிச்சென்ற நிறங்களை மட்டும் நம்பாதீர்கள். அங்கே தரவு குறைவு, மீதியை மென்பொருள் நிரப்பியிருக்கும்.

விஎல்எஃப் முறையில் நாம் மின்சாரம் செலுத்துவதே இல்லை. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேச உலகின் சில இடங்களில் நிறுத்தியுள்ள மிகத்தாழ் அதிர்வெண் நிலையங்களின் அலைதான் மூலம். அவற்றுள் ஒன்று திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன். செங்குத்தான வெடிப்புகளை வேகமாக நடந்தே தேட இது உதவும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் கதை முடிந்தது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டோலரைட் டைக்குகள் கறுப்புச் சுவர்போல் பாறையைக் குறுக்கே வெட்டி நிற்கும். அவற்றைத் தேட, காந்தப்புலத்தை அளக்கும் மேக்னடோமீட்டர். டைக் நிலத்தடி நீரோட்டத்துக்கு அணை மாதிரி நிற்குமானால் மேல்பக்கம் நீர் தேங்கும், கீழ்ப்பக்கம் வறளும். இருபது மீட்டர் வித்தியாசத்தில் ஒரு போர் ஓடி இன்னொன்று தூசி கக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புராஜெக்ட்டாகச் செய்யும்போது

ஒரு சின்ன ஓடையின் வடிநிலத்தை எடுத்து, மேடு, சரிவு, பள்ளம் மூன்றிலும் விழும்படி பதினைந்து, இருபது சவுண்டிங் போதும். பழகிய குழு ஒரு நாளில் நான்கு, ஐந்து முடிக்கும். முதல் நாள் இரண்டு முடித்தாலே நல்லது. குறைந்தது இரண்டையாவது கேசிங் நீளம் தெரிந்த போருக்கு அருகில் வையுங்கள். ஓரிடத்திலாவது ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோட்டில் எடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் அடுக்குகள் படுக்கையாக இருக்கின்றன. முரண்பட்டால் வெடிப்புகள் ஒரு திசையில் ஓடுகின்றன அல்லது அடுக்கே சரிந்து கிடக்கிறது. அறிக்கையில் அடுக்கு அட்டவணையோடு களத்தில் எழுதிய மூல அளவுகளையும் சேர்த்துவிடுங்கள்: மின்னோட்டம், மின்னழுத்தம், எம்என், நேரம், "பி முனையில் வரப்பு ஈரம்" போன்ற குறிப்பு எல்லாம். அடுத்த ஆண்டு மாணவர் அதே வளைவை வேறு விதமாகப் படிக்க அவைதான் வேண்டும்.

நீங்கள் பரிந்துரைத்த இடத்தில் ரிக் வந்து நின்றால் கூடவே நில்லுங்கள். பத்தடிக்கு ஒருமுறை கம்ப்ரசர் வெளியே தள்ளும் தூளில் ஒரு பிடி எடுத்து, ஆழம் எழுதிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வரிசையாக அடுக்கி வையுங்கள். மஞ்சள் தூள் சாம்பல் நிறமாக மாறும் அடியையும், ஓட்டுநர் கேசிங்கை நிறுத்தச் சொல்லும் அடியையும், தூள் ஈரமாகும் அடியையும் குறியுங்கள். மாலையில் உங்கள் மூன்று அடுக்கு மாதிரியை எடுத்து அந்த உறைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். 46 அடி என்று சொன்ன இடத்தில் 58 அடி வந்திருந்தால், 58-ஐ மென்பொருளில் பூட்டிவிட்டு, சுற்றியுள்ள எல்லாச் சவுண்டிங்கையும் முதலிலிருந்து ஓட்டுங்கள்.